வழுக்கைத் தலையை வெட்டச் சொன்னவர்

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. உங்களை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் அந்தக் கனமான சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போடுவார், எடுப்பார், வேறொன்றைப் போடுவார். "இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருக்கா?" பசி நேரத்தில் அவசரப்பட்டு "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றால் விடமாட்டார். "ஒண்ணு கெடையாது. நல்லா பாத்துச் சொல்லுங்க." உங்களுக்கே உங்கள் கண்மேல் சந்தேகம் வந்துவிடும்.

இதே பழக்கத்தை அவர் எங்கள் புகைப்படக் குழுமத்துக்கும் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்து இணையக் குழுமம் இன்றைக்கு இருப்பது மாதிரி அல்ல. இதயம் கிடையாது, கட்டைவிரல் கிடையாது. ஒரு படத்தைத் திறந்தால் திரைச்சீலை இறங்குவதுபோல் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும். வானம் வந்து, மரம் வந்து, ஆள் வருவதற்குள் ஒரு காபி போட்டுக் குடித்துவிடலாம். அவ்வளவு காத்திருந்து பார்த்த படத்துக்கு 'சூப்பர்' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? நாற்பது பேர் இருந்தோம். ஆளுக்கொரு புனைபெயர். லாரி ஆபீஸ்காரர் ஒருவர். பல் டாக்டர் ஒருவர். பூவோ மனுஷனோ, எதையும் வாய்க்குள் போய் எடுத்த மாதிரிதான் எடுப்பார்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். குறை சொல்லும் முன் இரண்டு நல்லது சொல்லியாக வேண்டும். சில படங்களில் அந்த இரண்டாவது நல்லதைத் தேடி நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'ஓரத்தில் கறுப்புக் கோடு போட்டிருப்பது நேர்த்தி' என்றெல்லாம் நானே எழுதியிருக்கிறேன்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தக் கஷ்டமே இருந்ததில்லை. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்கு மேலேயே இருந்த வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்காருவார். ஒவ்வொரு படத்தையும் தன் கையால் வெட்டி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுவா, முன்னாடி இருந்ததா?" என்று கேட்பார். என்னுடைய பஸ் ஸ்டாப் படம் ஒன்றை நான்கு விதமாக வெட்டினார். நான்காவதில் பஸ் ஸ்டாப்பே இல்லை. அதுதான் நன்றாக இருந்தது என்பதை இன்றுவரை நான் வெளியில் சொன்னதில்லை.

ஒரு நாள் 'புதுசு' என்ற பெயரில் யாரோ சேர்ந்தார்கள். யாரென்று எங்களுக்குத் தெரியாது. உங்களிடம் மறைப்பானேன்? கண்ணாடிக்கடைக்காரரின் மனைவிதான்.

அந்த அம்மாவுக்கு நூலகத்தில் வேலை. கணவர் புதுக் கேமரா வாங்கியபோது ஓரங்கட்டிய பழையதை வைத்துக்கொண்டு, வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பார். கொண்டுவந்து காட்டினால் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்பார். ஒருமுறை சோதித்துப் பார்க்க, கேமராவை அணைத்துவிட்டு நீட்டியிருக்கிறார். அதுவும் நல்லாருந்ததாம்.

முன்பின் தெரியாதவன் படத்தை முக்கால் மணி நேரம் பார்க்கிற மனுஷன், மனைவி எடுத்த படத்தையும் ஒருதரம் அப்படிப் பார்க்க வேண்டும். அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காகவே நூலகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து 'புதுசு' ஆனார்.

முதல் படம், கொடியில் காயும் துணிகள். "துணியை விட்டுட்டு நெழலை எடுத்தீங்க பாருங்க, அங்க நிக்கறீங்க நீங்க" என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்குப் பின்னூட்டம் எழுதினார் கண்ணாடிக்கடைக்காரர். அது அவர் வீட்டு மொட்டைமாடி. காய்ந்தது அவர் சட்டை. தெரியவில்லை. அடுத்து மாடிப்படி, குழாயடி, செருப்பு வரிசை. எதுவும் தெரியவில்லை. ஊர் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர்!

ஆறாவது படம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. நனைந்த ஜன்னல், அதன் வழியே சாய்ந்து விழும் வெளிச்சம், வலது ஓரத்தில் பின்னாலிருந்து தெரியும் ஒரு வழுக்கைத் தலை. தன் பிடரியைத் தானே பார்த்தவர் யார்? முறைப்படி இரண்டு நல்லது சொல்லிவிட்டு அவர் எழுதினார்: "வலது ஓரத்துல ஒரு வழுக்கை. வெளிச்சத்தைப் பூரா அதுவே முழுங்குது. யாரா இருந்தாலும் தயவுதாட்சண்யம் பாக்காம வெட்டிடுங்க." அவரே வெட்டியும் போட்டார். இருபத்து மூன்று பேர் வெட்டியதே மேல் என்றோம். பல் டாக்டர் 'வேரோடு' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

'புதுசு' பதில் எழுதினார்: "எனக்கு முன்னாடி இருந்ததுதாங்க. அது என் வீட்டுக்காரர். ஏழு வருஷமா அடுத்தவங்க படத்தைப் பாத்துக்கிட்டு இப்படியேதான் உக்காந்திருக்கார். என் படத்தை ஒரு தடவை திரும்பிப் பாத்ததில்ல."

கண்ணாடிக்கடைக்காரர் உடனே எழுதினார்: "அப்படிப்பட்ட ஆளுன்னா வெட்டறதுல தப்பே இல்லம்மா."

அனுப்பிவிட்டு, ஓரத்தை இன்னும் நேர்த்தியாக வெட்டலாமே என்று படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். வழுக்கைக்கு முன்னால் கலங்கலாக ஒரு கம்ப்யூட்டர். அதன் தலையில் மூடி இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி. நிமிர்ந்து பார்த்தார். எதிரே கம்ப்யூட்டர். அதன் தலையில் மூடி இல்லாத கண்ணாடிப் பெட்டி. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவிக்கொண்டார்.

நான்கு நாள் குழுமத்தில் அவரைக் காணோம். இனி யார் படத்தையும் பார்க்கமாட்டாரோ என்று அந்த அம்மா நூலகத்தில் மணிக்கொரு தரம் குழுமத்தைத் திறந்து பார்த்தாராம். அடுத்த ஞாயிறு சாப்பிட்டுக் கை கழுவியவர், கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் மனைவி முன்னால் வந்து நின்றார்.

"கேமராவைக் குடு. எல்லாத்தையும் பாக்கறேன்."

"வேணாம்."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லங்க. குழுமத்துலயே போடறேன், அங்கயே பாருங்க. இங்க காட்டினா 'நல்லாருக்கு'ம்பீங்க. அங்கதான் குறை சொல்றீங்க."

"குறை சொல்றது அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"பாத்தவங்கதானே குறை சொல்ல முடியும்?"

அதன்பின் மூன்று வருஷம் 'புதுசு' படம் போட, அவர் குறை சொல்ல, இவர் எதிர்வாதம் பண்ண, எங்களுக்கெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. பிறகு ஒரு காலையில் பக்கம் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. நடத்தியவர் சலித்துப்போய் மூடிவிட்டாராம். நாற்பது பேர் மண்டையை உடைத்துக்கொண்டு தேடிய நல்லதுகள் அத்தனையும் போயின. இப்போது என் படங்களுக்கு இருநூறு இதயம் விழுகிறது. பஸ் ஸ்டாப்பை எடுத்துவிடச் சொல்லத்தான் நாதியில்லை.

போன மாதம் லென்ஸ் மாற்றப் போனபோது கண்ணாடிக்கடைக்காரர் மாடிக்கு அழைத்துப்போனார். அந்த அம்மா காலையில் எடுத்த படம் ஒன்றைப் போனில் காட்டினார். புத்தக அலமாரி, அதன் மேல் ஒரு பூனை. கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்கருகே கொண்டுபோனார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் சும்மா இருக்காமல் "நல்லாருக்குங்க" என்றேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள்.

"பூனை நல்லா வந்திருக்கு. அந்த நெழலும் சரி. ஆனா அலமாரியைக் கோணலா எடுத்துட்டே."

"நான் நேராத்தான் எடுத்தேன். அலமாரியே கோணல். நீங்க செவுத்துல அடிச்சதுதானே?"

எழுந்து உள்ளே போனார். அலமாரிக்கு எதிரே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஆமா, கோணல்தான்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.