சோளகத்துக்கு ஒரு பட்டம்

பேர்ணடெற்றுக்கும் அவளுடைய தங்கை புருஷன் கொன்ஸ்ரன்ரைனுக்கும் இருந்த பகை, நாட்டில் நடந்துகொண்டிருந்த சண்டையைவிட வயதில் மூத்தது. நாட்டுச் சண்டையிலாவது இடையிடையே பேச்சுவார்த்தை என்று ஒன்று வந்து போகும். இவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

தொடக்கம் ஒரே ஒரு வசனம். கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் வைத்து, "பிறிஜெற், உவர் வேண்டாம். வாயாலேயே மாடி வீடு கட்டுற ஆள்" என்று தங்கைக்குச் சொன்னாள். மாப்பிள்ளை விறாந்தையில் பலகாரத் தட்டோடு இருந்தார். காது நல்ல காது. அன்றிலிருந்து பேர்ணடெற் எதைச் சொல்கிறாளோ அதற்கு நேரெதிர் எதுவோ, அதுவே அவருக்கு வேதவாக்கு. கேற்றுக்குப் பச்சை வேண்டாம் என்றாள், கேற் பச்சையாயிற்று. பெரிய சந்தையில் மீன் நல்லது என்றாள். பதினாலு வருஷம் அந்தக் குடும்பம் கண் வெளுத்த மீனைத் தின்றது. ஒருமுறை குடை எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள் என்பதற்காக, வாசலில் விரித்த குடையை மடித்து வைத்துவிட்டு அடைமழையில் கந்தோருக்குப் போனவர் அவர்.

எண்பத்துமூன்று கலவரத்தில் அவள் வாடகைக்கிருந்த அறை எரிந்தது. கலியாணமாகாத பெண்பிள்ளை, ஒரு தையல் மெஷினை மட்டும் இழுத்துக்கொண்டு, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கையில் இருந்த தங்கை வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வந்தவள்தான். பொலிஸுக்குக் கொடுக்கும் குடும்பப் பதிவுத் தாளில் கொன்ஸ்ரன்ரைன் அவள் பெயரை ஆகக் கடைசியில், எழுத்தையும் சிறிதாக்கி எழுதுவார்.

வேலை கொட்டாஞ்சேனையில் ஒரு குடைக் கொம்பனியில். இருபத்தாறு வருஷம் குடைத் துணியும் கடை வாசல்களுக்கு வெயில் மறைப்பும் தைத்தாள். காற்றைப் பற்றி அவளுக்கு எவரும் பாடம் எடுக்கவில்லை. பிய்த்துக்கொண்டு போன மறைப்புகள் எடுத்தன. காற்று இரண்டு மடங்கானால் துணியை இழுக்கிற இழுவை நாலு மடங்காகும் என்று அவள் கைக்குத் தெரியும். பம்பலப்பிட்டியில் ஒருவன் ஆடி மாதத்தில் அகலத்துக்கு ஆசைப்பட்டுத் தைப்பித்த மறைப்பு, இரண்டு தூணையும் பெயர்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு காலி வீதியைக் கடந்துபோய், எதிர்க்கடைக்காரன் வாசலில் பிசகாமல் பொருந்திவிட்டது. எதிர்க்கடைக்காரன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

தொண்ணூற்றாறு மார்கழியில் ஜேர்மனியிலிருந்த தம்பி கொன்ஸ்ரன்ரைனுக்கு ஒரு பட்டம் அனுப்பினான். அது ஏற்றிவிட்டு அண்ணாந்து பார்க்கிற பட்டமல்ல. ஆளை இழுக்கிற பட்டம். தடியில்லை, வெறும் துணி. ஐந்து சதுர மீற்றர், நாலு கயிறு, கையில் பிடிக்க ஒரு கம்பு, இடுப்புக்குப் பட்டி. கொன்ஸ்ரன்ரைன் ஒரு பலகையின் அடியில் தகரம் அடித்து, அதன்மேல் ஏறி நின்று, றெயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணலில் சறுக்கினார். மார்கழி, தை மாதப் பின்னேரக் காற்று மெதுவானது. அவர் போன வேகத்துக்குத் தெருநாய் ஒன்று முன்னால் நடந்துபோய், படுத்து ஒரு குட்டித் தூக்கம் போட்டு, அவர் வந்து சேர எழும்பி வாலாட்டியது. ஆனாலும் சனம் கூடியது. ஐம்பத்தாறு வயதில் கொன்ஸ்ரன்ரைனுக்குப் புகழ் வந்தது.

வைகாசி கழியத் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று பிறந்தது. அதே ஐந்து மீற்றரை அவர் விரித்தார். செருப்பு நின்ற இடத்தில் நின்றது; ஆள் போனார். வாய்க்கால் முகத்துவாரத்துக்கு இப்பால் முட்கம்பி போட்டு, மணல் மூட்டை அடுக்கி ஒரு காவலரண் இருந்தது. அந்தக் கம்பிக்குப் பத்தடி இருக்கையில்தான் பட்டம் ஒருவாறு சரிந்து விழுந்தது. அரணுக்குள் நின்றவன் புதுப் பெடியன், மீசை அரும்பாதவன். அவனுடைய துப்பாக்கி கொன்ஸ்ரன்ரைனின் நெஞ்சுக்கு நேரே நடுங்கிக்கொண்டிருந்தது. ஓடி வந்த சார்ஜன் கம்பியைக் காட்டி, "மெஹாட்ட என்ட எப்பா, மாத்தயா" என்றான். இங்கே வராதே. பிறகு கொச்சைத் தமிழில், "வந்தா சுடுறது. ஓடர்" என்று விளங்கப்படுத்தினான்.

புத்தியுள்ளவன் அதோடு விட்டிருப்பான். ஒழுங்கை முனையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த நாகமணி சிரித்துவிட்டார், அதுதான் வினை. "ஐயா, காத்து உங்களை ஏத்திப்போட்டுது போல" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அடுத்த நாளே கொன்ஸ்ரன்ரைன், சோளகத்துக்கென்று இரண்டாவது பட்டம் ஒன்று தைப்பிக்கத் தீர்மானித்தார்.

"காத்துப் பெருத்தால் பட்டமும் பெருக்க வேணும்" என்று சாப்பாட்டு மேசையில் பிறிஜெற்றுக்கு விளக்கினார். "சின்னனை உந்தக் காத்துக் கிழிச்செறிஞ்சு போடும். பெரிசெண்டால் பாரம். அசையாமல் நிக்கும். எட்டு மீற்றர்."

எட்டு மீற்றர் ஊதா நைலோன் துணியும் வாங்கியாயிற்று. தைக்க ஆள் ஒருத்திதான்.

பேர்ணடெற் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். மார்கழிக் காற்றைவிடச் சோளகம் ஒன்றரை மடங்கு; இழுவை இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியென்றால் ஐந்தில் பாதி: இரண்டரை. அதற்கு மேல் ஒரு முழம் கூடினாலும் ஆள் கம்பிக்கு அப்பால். எட்டு என்றால் பூசை சொல்லி வைக்கலாம்.

அவள் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. "இரண்டரை" என்று உண்மையைச் சொன்னால் போதும். சொன்ன நிமிஷமே அவர் எட்டில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுவார். மிச்சத்தைச் சோளகம் பார்த்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவள் பாதிரியாரைப் பிடித்தாள். "ஃபாதர், உண்மை சொல்லி அதாலை ஒருத்தருக்குக் கேடு வந்தால் பாவமோ?"

"உண்மை சொல்லுறது ஒருநாளும் பாவமில்லை, பிள்ளை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும்" என்றார் பாவம் அந்த மனிதர், கோப்பிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில்.

இவ்வளவு மலிவாக ஒரு பாவமன்னிப்பை அவள் அதற்குமுன் வாங்கியதில்லை.

பின்னேரம் கொன்ஸ்ரன்ரைன் துணிக்கட்டோடு வந்து மெஷினுக்குமேல் பொத்தென்று போட்டார். பின்னால் பிறிஜெற் நின்றாள்.

"எட்டு மீற்றர், மச்சாள். நீங்கள் குடைக்காரி. நீங்கள் என்ன சொல்லுறியள்?" மறுத்துச் சொல்லக் காத்திருக்கிற சிரிப்பு முகத்தில்.

உண்மை அவள் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கண்முன்னால் ஒரு காட்சி எழுந்தது: நடுக் கூடத்தில் பெட்டி, கறுப்புச் சீலையில் பிறிஜெற், 'என்ரை ராசா, உங்களைப்போல ஒரு தங்கமான மனிசன் உண்டோ' என்ற ஒப்பாரி. சுவரில் பெரிய படம், அதற்குக் கீழே சிவப்பு பல்ப். வெள்ளிக்கு வெள்ளி பூ மாற்றப் போகிறவள் ஆர்? வீட்டோடு இருக்கிற அக்காள். உயிரோடு இருக்கிற கொன்ஸ்ரன்ரைனை ஆசைதீர வெறுக்கலாம். செத்தால் அவர் நல்லவராகிவிடுவார். அதற்குப் பிறகு அவரை ஒன்றும் செய்ய ஏலாது.

"எட்டுக் காணாது" என்றாள் பேர்ணடெற். "பத்து வையும்."

சிரிப்பு நின்றது. "பத்தோ?"

"உம்மடை உடம்புக்குப் பத்து வேணும். சோளகமெண்டால் விளையாட்டே?"

அவர் துணியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "எனக்கு அவ்வளவு தேவையில்லை. ஐஞ்சு போதும்."

"ஐஞ்சைத்தானே வைச்சிருக்கிறீர். குறைஞ்சது எட்டாவது வேணும்."

"நாலு."

"சரி, நாலெண்டாலும் பரவாயில்லை" என்று அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

அவர் உடனே துணியில் கையை வைத்தார். "பொறுங்கோ. மூண்டு."

"மூண்டு…" இழுத்தாள். "மூண்டைத் தைக்கலாம். வடிவா வரும்."

"இரண்டரை" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

பேர்ணடெற் கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். "இரண்டரையோ? அது குழந்தைப் பிள்ளைக்குக் கட்டுற துணி. நான் தைக்க மாட்டன். வெள்ளவத்தை முழுக்கச் சிரிக்கும். ஆர் தைச்சதெண்டு என்னைத்தான் கேட்கும்."

"இரண்டரை. ஒரு நூல் கூடினாலும் நான் அளந்து பிடிப்பன்."

"பிறிஜெற், உன்ரை மனிசனுக்குச் சொல்லு."

"அவர் கேட்டதைத் தைச்சுக் குடன் அக்கா. ஏன் எல்லாத்துக்கும் மல்லுக்கட்டுறாய்?"

அவள் மூன்று நாள் முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். தையல் மட்டும் இரட்டைத் தையல்.

சனிக்கிழமை சோளகம் சாமி வந்ததுபோல் ஆடியது. ஒழுங்கையில் காய்ந்த சீலைகள் தெகிவளைக்குப் போகாமல் நேரே கொள்ளுப்பிட்டிப் பக்கம் பறந்தன. கொன்ஸ்ரன்ரைன் விரித்த பட்டத்தைப் பார்த்துச் சனம் சிரித்தது. "ஐயா, அது உங்கடை பேத்தியின்ரை கவுணோ?" என்றார் நாகமணி.

கவுண் எழும்பியது. கொன்ஸ்ரன்ரைன் பலகையில் ஏறினார். இருநூறு யார் தூரம் மணல் புகையப் போனார். முட்கம்பிக்கு அறுபதடி இருக்கையில் கையை மடக்க, பட்டம் காற்றின் ஓரத்துக்குப் போய் அடங்கி நின்றது, ஆளும் நின்றார். திரும்பி நடந்து வந்து மறுபடி போனார். மூன்று தரம். காலிக்குப் போன றெயிலில் சனமெல்லாம் ஒரே பக்க யன்னலுக்கு வந்து பார்த்ததில், றெயில் கடல் பக்கம் சாய்ந்தபடியே தெகிவளை மட்டும் போனது. அரணுக்குள் நின்ற பெடியன் துப்பாக்கியைச் சாத்திவிட்டுக் கைதட்டினான்.

"இரண்டரைக்கே இந்த இழுவை" என்றார் நாகமணி, இந்தமுறை சிரிக்காமல். "எட்டிலை தைச்சிருந்தால் இண்டைக்குச் செத்தவீடு, ஐயா. ஆர் அளவு சொன்னது?"

"நான்தான்" என்றார் கொன்ஸ்ரன்ரைன். சொன்ன பிறகுதான் பேர்ணடெற் கேட்ட பத்து நினைவுக்கு வந்தது. மணலில் அப்படியே குந்திவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் கால் மணலைத் தட்டவில்லை. "பிறிஜெற், உன்ரை கொக்காள் என்னைக் கொல்லப் பாத்தவ. பத்து எண்டு சொன்னவ. நீயும் நிண்டனீதானே."

பிறிஜெற் மெஷினடிக்கு வந்தாள். "அக்கா, குடை தைக்கிற உனக்கு இது தெரியாதோ?"

தெரியாது என்று சொல்ல பேர்ணடெற்றின் இருபத்தாறு வருஷத் தொழில் விடவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் அந்த மனிதர் நம்பமாட்டார். நம்பினால் இன்னும் மோசம், அடுத்த முறை அவரைக் காப்பாற்ற வழியிருக்காது.

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சோ பத்து எண்டு சொன்னனீ?"

"ஓம்."

பிறிஜெற்றின் முகம் வெளுத்தது. உள்ளே போனாள். மூன்று கிழமை அக்காளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. கோப்பையை வைக்கிறபோது மேசைதான் கதைத்தது. கொன்ஸ்ரன்ரைன் அவள் ஊற்றிய தேத்தண்ணியைப் பூக்கன்றுக்கு ஊற்றினார், பூக்கன்று செழித்தது. வெற்றிலைக் கடையிலும் கோயில் வாசலிலும், தன்னைக் கொல்ல வந்தவளை மதியால் வென்ற கதையைச் சொல்லிச் சொல்லிப் பெருப்பித்தார். சொல்லச் சொல்ல பத்து மீற்றர் பதினாறாயிற்று.

ஆவணி முடிகிற அன்று பிறிஜெற் மெஷினடிக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"புரட்டாசிக் காத்துக்கு ஒண்டு வேணுமாம். அதிகம் பலமுமில்லாத, மெல்லிசுமில்லாத காத்தாம். என்ன அளவெண்டு உன்னைக் கேட்டு வரச் சொன்னவர்."

பேர்ணடெற் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். அந்தக் காற்றுக்கு மூன்றரை சரி. இரண்டு என்று சொன்னால் ஆள் எட்டுக்கு ஏறும். எட்டு என்று சொன்னால் ஒன்றுக்கு இறங்கி, பட்டம் எழும்பாமல், அந்தக் கோபத்தில் அடுத்த நாளே பன்னிரண்டு தைப்பிக்கும். நடுவில் கிடக்கிற ஓர் எண்ணுக்கு எதிர்ப்பக்கம் எது என்று அவளுக்கு எந்த மறைப்புத் துணியும் சொல்லித் தந்திருக்கவில்லை.

"முதல் போய்க் கேட்டு வா" என்றாள், ஊசியைத் துணியில் குத்தியபடி. "அந்த மனிசன் எவ்வளவு நினைச்சிருக்கிறார் எண்டு."