தம்பியின் அட்டை

துக்க வீட்டுக்கு வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆண்டவர் தம்முடைய தோட்டத்துப் பூவைப் பறித்துக்கொண்டார்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் இலத்தூரில் ஒரு வீட்டில் கேட்டேன். பிள்ளையை இன்னும் எடுக்கவில்லை, பெற்றவள் தரையில் கிடக்கிறாள், அதற்குள் பூ வந்துவிட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். உள்ளேயே இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு தடவை சொல்லியும் இருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் வீடு தென்காசியில். அப்பாவுக்குப் பிழைப்பு குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுவது. குளிக்க வருகிறவர்கள் பலகையில் குப்புறப் படுப்பார்கள். அப்பா உள்ளங்கையால் முதுகை அழுத்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கனதான வலிக்கி?" என்பார். படுத்திருக்கிறவர் முனகுவார். அது எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அப்பாவுக்குச் சொல்லத் தெரியாது. அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் வாழைத்தார் மண்டிக்குச் சுமை தூக்கப் போவார். வேதக் கோயிலில் எங்களுக்குக் கடைசிக்கு முந்தின பெஞ்சு. யாரும் அங்கே போ என்று சொன்னதில்லை, நாங்களாகத்தான் போய் உட்கார்ந்துகொள்வோம்.

புத்தாண்டு அன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுக்க வேண்டும். பித்தளைத் தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். புரட்டினால் ஒரு படமும் ஒரு வசனமும் இருக்கும். ஆளுக்கு ஒன்று. அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுக்கிற வாக்கு அது. வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வோம், பரீட்சைக்குப் போகும்போது ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொள்வோம். வந்த வசனம் பிடிக்காமல் போனால் நைசாகத் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்று எடுக்கிறவர்களும் உண்டு. சபைச் செயலாளர், செக்ரட்டரி அண்ணாச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், மூன்று தடவை எடுத்ததை நான் இந்தக் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்த வருஷம் எனக்கு வந்த அட்டையில் ஒரு மண்விளக்கு. துன்பம் வரும்போது நான் உன்னோடுகூட இருப்பேன் என்கிற மாதிரி வசனம். எனக்கு எரிச்சலாக வந்தது. இது ஒரு வாக்கா? துன்பம் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறதே! தம்பிக்கு ஆறு வயது. அவனுக்கு வந்த அட்டையில் பச்சை மலை, மூன்று அடுக்காக விழுகிற அருவி, தங்க நிற எழுத்து. நீண்ட ஆயுசு தருவேன் என்று வசனம். வசனத்தை நான் கவனிக்கக்கூட இல்லை. அந்தத் தங்க எழுத்து எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அது ஐயப்பசாமிமார் வந்து போகிற காலம். மலையேறி இறங்கின கால்களோடு வருவார்கள், அப்பாவுக்கு நல்ல வேலை இருக்கும். அதனால் கோயிலிலிருந்து நேரே குற்றாலத்துக்கு பஸ் ஏறினோம். பஸ்ஸில் வைத்துத்தான் தம்பியை மடக்கினேன்.

"ஏலே, அட்டையை மாத்திக்கிடுவமா?"

"ஜன்னல் சீட்டு தாரியாக்கா?"

"தாரேன்."

"போவும்போதும் வரும்போதும் தரணும்."

தந்தேன். வழி முழுவதும் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, விளக்கு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். நான்தான் அவனை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பொங்கல் கழிந்து இரண்டு நாளில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் கழுத்து விறைத்துவிட்டது. கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுவதும் அப்பா அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே போனாராம். இரண்டு நாள் கழித்து அதே காரில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடக்கம் செய்யும்போது அந்த விளக்கு அட்டை அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. அப்பாதான் வைத்தார்.

அதற்குப் பிறகு வந்தார்கள் ஐயா, ஆறுதல் சொல்ல! செக்ரட்டரி அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பூவைப் பறித்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் கேட்டேன்:

"உங்க வீட்ல நாலு பூ இருக்கே மாமா, அதுல ஒண்ணப் பறிச்சா என்னவாம்?"

அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. அண்ணாச்சியின் நான்கு பையன்களும் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர்கள். அவர்களை இழுத்ததற்காக வருத்தம் உண்டு. கேட்டதற்காக இன்றுவரை வருத்தமில்லை.

ஆனால் அவர் அடுத்த தடவை வந்தபோது என் வாயை அடைத்துவிட்டார். அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "வீட்ல யாராவது ஏதாவது மறைச்சு வச்சிருந்தா ஆண்டவர் இப்படித்தான் தட்டுவாரு தம்பி. யோசிச்சுப் பாருங்க."

மறைத்து வைத்திருந்தது நான்தானே! நீண்ட ஆயுசு தம்பிக்கு வந்தது. ஒரு ஜன்னல் சீட்டைக் கொடுத்து அதை நான் பிடுங்கிக்கொண்டேன். என்னிடத்தில் இருந்த துன்பத்தை அவன் பையில் போட்டேன். ஆண்டவர் அட்டையில் எழுதியிருந்தபடியே செய்துவிட்டார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை. அருவி அட்டை என் பைக்கட்டில் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது. அதைத் தொடவே பயமாக இருந்தது.

இப்போது நினைத்தால் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையைக் கொலைகாரி என்று நம்பவைத்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

தப்பிக்க ஒரு வழியும் ஞாயிறு பள்ளியிலேயே கிடைத்தது. இயேசு மரித்தபோது கல்லறைகள் திறந்து செத்தவர்கள் எழுந்து ஊருக்குள் வந்தார்களாம். மூன்றாம் நாள் அவரே எழுந்துவிட்டாராம். அப்படியானால் ஈஸ்டருக்கு முன்னால் அட்டையைத் தம்பியிடம் சேர்த்துவிட வேண்டும். ஆயுசு அவன் கைக்குப் போய்விட்டால் அவன் எழுந்து வர வேண்டியதுதானே! அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆகும் என்றும் யோசித்தேன். ஆவது ஆகட்டும் என்று இருந்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா வரவில்லை, அவள் தை மாதத்திலிருந்தே கோயிலுக்கு வருவதில்லை. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணிவரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் விளக்கிப் பேசுவார்கள். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவர் அலறுகிற நான்காம் வார்த்தை வருஷா வருஷம் செக்ரட்டரி அண்ணாச்சிக்குத்தான். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்:

"நம்ம சபையிலயே ஒரு குடும்பம் இருக்கு. பெத்த பிள்ளையக் கொடுத்துட்டு, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. முறுமுறுக்கல. அதுக்குப் பேருதான் விசுவாசம்."

எல்லாத் தலையும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. அப்பா எழுந்து நின்றார். கோயிலில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை, பாட்டுக்கூட முணுமுணுப்பாகத்தான் பாடுவார்.

"நான் கேக்கலன்னு யாரு சொன்னா அண்ணாச்சி? தெனமும்தான் கேக்கேன்" என்றார். "சிலுவையில தொங்குனவரே ஏன்னு கேட்டாரு. அதைத்தான் இப்ப வாசிச்சிய. எங்களை மட்டும் கேக்கக்கூடாதுன்னு சொல்லுதிய."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். குருவானவர் அவசரமாக எழுந்து அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். ஆராதனை முடிந்து வெளியே கஞ்சி ஊற்றி, கொள்ளில் அரைத்த காணத்துவையலும் கொடுத்தபோது எங்கள் பக்கத்தில் ஒருவரும் வந்து நிற்கவில்லை. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. வெள்ளி முடிந்துவிட்டது, இன்னும் ஒரே நாள்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கிற நாள். மறுநாள் விடியுமுன் சபை முழுவதும் மெழுகுவர்த்தியோடு அங்கேதான் வரும். அப்பா சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டார், நான் சுண்ணாம்பு அடிக்கிற நார்மட்டையைத் தூக்கிக்கொண்டேன். தம்பிக்குக் கல்லெல்லாம் கட்டவில்லை. மண்மேடு, சுற்றி ஒரு வரிசை செங்கல், ஒரு மரச்சிலுவை. அப்பா கால்மாட்டில் அடித்துக்கொண்டிருக்கும்போது நான் தலைமாட்டில் குச்சியால் தோண்டினேன். வெயிலில் மண் இறுகிக் கிடந்தது. நான் அட்டையை உள்ளே திணிக்கும்போது அப்பாவின் நிழல் என்மேல் விழுந்தது.

"என்னட்டி புதைக்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தங்க எழுத்து, ஜன்னல் சீட்டு, ஆண்டவர் தட்டுவார் என்று செக்ரட்டரி அண்ணாச்சி சொன்னது, எல்லாம் அழுகையோடு அழுகையாக. அப்பா கைச் சுண்ணாம்பைக் கைலியில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அவன் எங்கிட்ட சொன்னாம்ட்டி" என்றார். "கார்ல போவும்போது சொன்னான். அக்காவ ஏமாத்தி ஜன்னல் சீட்டு வாங்கிட்டம்ப்பான்னு சிரிச்சான். வெளக்கு அட்டையை வாசிக்கச் சொன்னான். வாசிச்சேன். எங்கூட இருக்கப்போறது யாருன்னு கேட்டான். இயேசப்பான்னேன். நான் படுத்தா அவருக்கும் காச்சல் அடிக்குமான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"அடிக்கும்னேன். உனக்கு அடிச்சா அவருக்கும் அடிக்கும்லேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

அப்பா அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவரு காலையும் தேச்சு விடுங்கன்னான்" என்றார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

எனக்கோ கோபம் பொங்கியது. காய்ச்சலைப் போக்குகிற இயேசப்பாவைத்தானே ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்தார்கள்? கூடச் சேர்ந்து காய்ச்சலில் படுத்துக்கொள்கிற இயேசப்பா யாருக்கு வேண்டும்? அதை அப்பாவிடமே கேட்டேன். அவர் அட்டையை நான் தோண்டின குழியில் வைத்து மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார்.

"அவன்ட்ட குடுத்தாச்சுல்லா? வருவான்லாப்பா?"

"வருவாம்ட்டி."

"நாளைக்கா?"

அவர் மட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் முக்கினார்.

மறுநாள் விடிவதற்குள் ஊர்வலம் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்கு விளக்கு போட்டிருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு, அவரவர் வீட்டுக் கல்லறைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் உயிர்த்தெழுந்தார் என்று உச்சக் குரலில் பாடினார்கள். செக்ரட்டரி அண்ணாச்சிதான் எல்லோருக்கும் மேலே பாடினார். நான் தம்பியின் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் இமைத்தால் தவறிவிடுமோ என்று பயம். மெழுகுவர்த்தி கையில் ஒழுகியது. குற்றாலத்து மலைக்கு மேலே வெயில் விழுந்தது, மேடு அப்படியே கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மெழுகுவர்த்தியைத் தூக்கி எறிந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பாட்டு அவ்வளவு பலமாக இருந்தது.

அப்பா மட்டும் பாடவில்லை. வந்ததிலிருந்து அவரும் அந்த மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்து கேக் வாங்கப் போன பிறகும் அசையவில்லை. இப்போது அவருக்கு முழங்கால் மடக்க முடியவில்லை, தொழிலை விட்டாயிற்று. ஆனாலும் ஈஸ்டர் விடியலில் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன், அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறார். அன்றைக்கு, நாங்கள் புதைத்த அட்டையை யாரும் தோண்டி எடுத்துவிடக்கூடாது என்று அப்பா காவல் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் யாருக்காகக் காத்து நின்றேனோ அவனுக்காகத்தான் அவரும் காத்து நின்றார் என்பது எனக்குத் தெரியவில்லை.