அப்பாவின் முட்டி வலி

என் அலமாரியில் ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் இருக்கிறது. அதற்குள் பஞ்சில் சுற்றி இரண்டு கண்ணாடித் துண்டுகளை வைத்திருந்தேன். சேர்த்து வைத்தால் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வரும். அவை என்னவென்று நேற்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. அதுவரை மழைக்காலத்தில் நான் அந்தப் பெட்டியைத் தொட்டதும் இல்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

அப்பா அரசுப் பொறியாளர். ஏரிக்கரை, மதகு, சின்னச் சின்னப் பாலங்கள் என்று கீழ்பென்னாத்தூர் பக்கம் அவர் கால் படாத வரப்பு கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்காரத் தெரியாத மனிதர். விடிந்தால் மலைமேல் இருப்பார். மலையடிவாரத்துத் தெருவில் எங்களுடையது கடைசி வீடு; பின்கதவைத் திறந்தாலே பாதை. எட்டு மணிக்குள் இறங்கி வந்து அம்மாவுக்குக் காபி கலந்து கொடுப்பார். அந்த வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஏரி நிரம்பிக் கரை கசிந்த நாளில் அந்தக் கரைமேலேயே நின்று சிரித்துப் பேசியவர் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அவர் முகத்தில் பயத்தை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு நேர் மேலே பெரிய பாறை ஒன்று உண்டு. அதன் அடியில் விரிசல் கண்டதும், பழைய பாலங்களில் செய்வதைப்போல, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையைச் சிமென்ட் வைத்து ஒட்டினார் அப்பா. பாறை அசைந்தால் கண்ணாடி உடையும். முழுசாக இருக்கும்வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். அம்மாவிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "மலையே சாமி. சாமி நம்ம தலைமேல விழுமா? சும்மா இருங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் நானும் அவருடன் ஏறினேன். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது. அப்பா விரிசலுக்குள் கையை வைத்துப் பார்த்தார். போன மாதம் இரண்டு விரல் போன இடத்தில் இப்போது மூன்று விரல் போனது. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். துண்டுகளைப் பெயர்த்து என்னிடம் கொடுத்தபோது அவர் கை நடுங்கியது. கீழே எங்கள் மொட்டைமாடியில் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், பாறைக்கு நேர் கீழே. எனக்கு அவளைக் கூப்பிடக்கூடப் பயமாக இருந்தது; சத்தத்துக்கே பாறை நகர்ந்துவிடுமோ என்று தோன்றியது. இறங்கும்போது அப்பா சொன்னார்: "கண்ணாடி கதைய சொன்னா உங்கம்மா வரமாட்டா. எனக்கு முட்டி வலின்னு சொன்னா உடனே கிளம்புவா. நீ வாயத் தொறக்காதம்மா."

பின்கதவை எட்டும்போதே நொண்ட ஆரம்பித்துவிட்டார். மேட்டுத் தெருவில் இனி ஏறி இறங்க முடியாது என்றார். ஒரே வாரத்தில் வேங்கிக்காலில் சமதரையில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனோம். அந்த ஒரு வாரமும் தூறல் விழுந்த போதெல்லாம் நான் அம்மாவை ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பாறையைப் பற்றி மனு எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய வீட்டைப் பூட்டினார் அப்பா. வாடகைக்கு விடுங்கள் என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டும் அவர் அசையவில்லை. இன்னொரு குடும்பத்தை அங்கே எப்படி வைப்பார்?

அந்தப் பொய்யைக் காப்பாற்ற மலையையே விட்டுவிட்டார். எட்டு வருடம் கைத்தடியோடு நடந்தார். அம்மா தினமும் முட்டியில் தைலம் தேய்த்தாள். வாரத்தில் இரண்டு நாள் முடக்கத்தான் தோசை வார்த்தாள். கசப்பு அவருக்கு ஆகவே ஆகாது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். காலையில் அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் தடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறி, மலையைப் பார்த்தபடி நிற்பார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு அழுகையாக வரும்.

போன பங்குனியில் அப்பா போய்விட்டார். பாறை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இந்த ஐப்பசி பிறந்ததும் அம்மா, "முட்டி வலி அவருக்குத்தான, எனக்கு என்னா? கார்த்திகை தீபத்துக்குள்ள நம்ம பழைய வீட்டுக்கே போயிடறேன்" என்று சாவியைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே மழை பிடித்திருந்தது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒருபக்கம்; சொன்னாலும் சாமி பார்த்துக்கொள்ளும் என்றுதான் சொல்வாள் என்ற பயம் ஒருபக்கம். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியதும், பெட்டியைத் திறந்து துண்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

சாமியைப் பற்றி அவள் பேசவில்லை. "எட்டு வருஷமா நல்ல காலுக்கா தைலம் தேச்சேன்?" என்றாள். பிறகு, "அவரு பயந்தாரா?" என்று கேட்டாள்.

"கை நடுங்கிச்சும்மா. நீ மாடியில துணி காய வெச்சிட்டிருந்த."

அம்மா கையை மூடிக்கொண்டாள். கண்ணாடி அறுத்துவிடுமே என்று பதறி விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், விடவில்லை. மறுகையால் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை அந்த ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டு மூடினாள்.