செம்மறியின் காதில் சொன்னது

நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் உதட்டோரம் லேசாகக் கோணும், கோணட்டும், உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் பாதியிலேயே எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன். பேய், காற்று, கருப்பு என்று யார் வாயெடுத்தாலும் என் காது தானாக மூடிக்கொள்ளும். மேச்சேரியில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சி வரவேற்பு எல்லாம் அடிப்போம் என்றாலும் சோறு போடுவது என்னவோ கண்ணீர் அஞ்சலிதான். இத்தனை வருசத்தில் எத்தனையோ செத்த முகங்களைப் பெரிதாக்கி, வெளுப்பாக்கி, பின்னால் வானத்தையும் புறாவையும் வைத்துத் தந்திருக்கிறேன். அதில் ஒருவர்கூட எழுந்து வந்து என் மூக்கு இப்படியா இருந்தது என்று கேட்டதில்லை. பிறகு எனக்கு எங்கிருந்து பயம் வரும்?

இந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தனியாக எடுத்த படம் இருக்காது. யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற படத்தைத்தான் போனில் காட்டுவார்கள், பாதித் தோள் இன்னொருத்தியின் சேலைக்குப் பின்னால் இருக்கும். கணினியில் அந்த முகத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்து, கூட்டத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். நான் எப்போதும் இடது காதுக்குக் கீழே தொடங்கி, கன்னம், மோவாய் என்று சுற்றி, கடைசியில் முடிக்கு வருவேன். முடிதான் கஷ்டம். காற்றில் பறக்கிற ஒரு இழையை விட்டால்கூடத் தலை ஒட்டவைத்த மாதிரி தெரியும்.

போன ஆடியில் என் மனைவி சரசுவை அப்படி வெட்டி எடுத்தேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று கொடிக்கயிற்றைப் பிடித்தாள், கயிற்றோடு சாய்ந்தாள். சேலத்து ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. கடைப்பையன்கள் நாங்கள் செய்கிறோம் அண்ணா என்றார்கள். என் பெண்டாட்டி முகத்தை இன்னொருவன் வெட்டுவதா என்று நானே உட்கார்ந்தேன். அவளுக்கும் தனிப்படம் இல்லை. உலகத்துக்கே படம் போடுகிறவன் வீட்டில் படமில்லை, அதைவிடுங்கள். நாமகிரிப்பேட்டையில் அவள் சித்தப்பா மகன் கல்யாணத்தில் எடுத்த கூட்டப்படம், அதில் பச்சைச் சேலையில் ஓரமாக நின்று எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெட்டினேன். அழவில்லை. வேலை சுத்தமாக இருந்தது.

காரியம் முடிந்ததும் கனவு தொடங்கியது.

கனவில் நான் வெட்டிக்கொண்டே இருக்கிறேன். இடது காதுக்குக் கீழே புள்ளி வைக்கிறேன், கோடு வழுக்கி உள்ளே போகிறது, கன்னத்தில் கொஞ்சம் போய்விடுகிறது, சரி செய்யலாம் என்று மறுபடி வைக்கிறேன், இன்னும் உள்ளே போகிறது, காது போகிறது, மோவாய் போகிறது, கையை நிறுத்த முடியவில்லை. எஞ்சிய முகத்திலிருந்து அவள் சத்தமே இல்லாமல் கேட்கிறாள், "போதுமுங்க." அவ்வளவுதான். அலறிக்கொண்டு எழுவேன். ராத்திரி என்றில்லை, கடையில் மத்தியானம் மேசையில் தலை சாய்த்தாலும் வரும், பஸ்ஸில் கண் சொக்கினாலும் வரும். தூக்கம் என்பதே அந்தப் படத்தைத் திறக்கிற வேலையாகிப் போனது. தூங்காமலே இருந்து பார்த்தேன். ஒருநாள் வண்டியில் வரும்போது கண் செருகி, வேலிமுள்ளுக்குள் போய் விழுந்தேன்.

அதோடு என் மகள் தேன்மொழி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாமக்கல்லில் நர்சிங் கடைசி வருசம், பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "நீங்க ஒழுங்காத் தூங்கற வரைக்கும் நான் காலேசுக்குப் போகலைங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். அம்மா செத்ததிலிருந்து அவள் கண்ணில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்கவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பாள், நான் அலறினால் எழுப்புவாள், தண்ணீர் கொடுப்பாள், மறுபடி புத்தகம். அவளுடைய கண்ணும் குழிவிழத் தொடங்கியது. எனக்கு என் தூக்கம் போனதுகூடப் பெரிதில்லை. அந்தப் பெண்ணின் வருசம் என் கட்டில்காலில் கட்டிக் கிடந்ததே, அதுதான் தாங்கவில்லை.

எங்கள் வீட்டை அடுத்த மேட்டுக்காட்டில் சரசுவின் தங்கை பூங்கொடி குடியிருக்கிறாள். புருசன் போர்வெல் போடும் வண்டியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார், இவள் செம்மறிகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள். எங்கள் ஊர்ச் செம்மறி தெரியுமல்லவா, மண் நிறம், கட்டை முடி, மழை பெய்து காய்ந்த செம்மண் எழுந்து நடப்பதுபோல இருக்கும். அவளுக்கு என்னைக் கேலி பேசாவிட்டால் பொழுது போகாது. அக்கா செத்த பிறகும் விடவில்லை.

"ஏனுங்க மாமா, கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டக் கெடக்குது. நீங்களுங் கெளம்பறதா இருந்தா முன்னாடியே சொல்லிப்போடுங்க, ஒரே பந்தலா முடிச்சுரலாம்."

"சும்மா இரு பூங்கொடி. தூக்கமில்லை."

"கனாவா?" என்றாள். சிரிப்பு போய்விட்டது. "எனக்குந்தான் வந்துச்சு, எங்கக்கா. நான் பட்டியில சொல்லிப்போட்டனுங்க."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், நான்தான் காதில் வாங்கியதில்லை. கெட்ட கனாக் கண்டால் விடிந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால், மனிதரோடு ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், மாட்டுக் கட்டுத்தறிக்கோ ஆட்டுப் பட்டிக்கோ போய் ஒரு வாயில்லாச் சீவனின் காதில் சொல்லிவிட வேண்டும். அது வாங்கிக்கொள்ளும். அசைபோட்டுச் செரித்துவிடும்.

"ஆனா ஒண்ணுங்க மாமா, பேரு மட்டும் வேண்டாம். பேரு வெச்சுச் சொன்னா, கனா போற தடத்துலயே ஆளும் போயிருமாம்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர்கிட்டப் போயி நீங்க என்ன கிழிச்சீங்க? மாத்தரையத் தின்னுபோட்டு ஒக்காந்துட்டு அலறுனீங்க."

மறுநாள் விடிகாலையில், தேன்மொழி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள், நான் அலறி எழுந்ததுகூடத் தெரியாத தூக்கம். அவள் கழுத்து ஒடிந்த மாதிரி தொங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியில் பனி. ஆடுகளின் மூச்சு ஒரு தாழ்ந்த மேகமாக நின்றது. காது மடிந்த ஒரு பெட்டை மட்டும் எழுந்து, தானாக வந்து, மூங்கில் படலுக்கு மேல் தலையை வைத்தது. குனிந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. எனக்கு இத்தனை வருசப் பழக்கம், செத்தவர் என்றால் பெயரில் தொடங்கித்தான் வாய்க்கு வரும், கடையில் வாங்குகிற முதல் விவரமே அதுதானே. சரஸ்வதி என்கிற சரசு, மேச்சேரி, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று போஸ்டர் படிப்பதுபோல் படித்த பிறகுதான் வெட்டுப்பட்ட கன்னத்துக்கே வந்தேன். பூங்கொடி சொன்னது நினைவுக்கு வந்தபோது எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். ஆடு அசைபோடுவதை நிறுத்தியிருந்தது.

அன்று மத்தியானம் தூங்கினேன். நம்புங்கள் நம்பாமல் போங்கள், கிணற்றில் போட்ட கல் மாதிரி தூங்கினேன். மறுநாளும், அதற்கு மறுநாளும். தேன்மொழி சில நாள் காவல் இருந்து பார்த்துவிட்டு, என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, நாமக்கல் பஸ் ஏறினாள். அவளிடம் ஆட்டுச் சங்கதியைச் சொல்லவில்லை. நர்சிங் படிக்கிற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? மாத்திரை வேலை செய்கிறது சாமி என்றேன்.

பிறகுதான் ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது தெரிந்தது, சரசுவின் முகம் எனக்கு வரவில்லை. கண்ணை மூடினேன், வரவில்லை. அவள் குரல் வந்தது, வளையல் சத்தம் வந்தது, முகம் இருந்த இடத்தில் வெட்டி எடுத்த பிறகு கணினியில் மிஞ்சுமே ஒரு வெற்றிடம், அது வந்தது. ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தேன். அவள்தான். ஆனால் யாரோ வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் வெளுப்பு வைக்கலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்தவுடன் சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பூங்கொடி காட்டுக்குப் போனேன். அவள் வேறு புலம்பலில் இருந்தாள். "அந்த மடிகாதுக்காரி தீனியே எடுக்கறதில்லைங்க மாமா. கண்ணும் மூடறதில்ல. மத்ததெல்லாம் நெழல்ல படுத்து அசபோடுது, இவ ஒருத்தி மட்டும் வெயில்ல நின்னு தலைய உதறிட்டே நிக்கறா. டாக்டரு சொறின்னு களிம்பு குடுத்தாரு. யாவாரிக்குச் சொல்லியுட்டிருக்கறேன், நாளைக்கு வாரேன்னான்."

போய்ப் பார்த்தேன். சொறியாகவே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் முகத்தில் முடி உதிர்ந்திருந்தது ஒரு கோடாக. இடது காதுக்குக் கீழே தொடங்கி, கன்னத்தைத் தொட்டு, மோவாயைச் சுற்றி. மெல்லிய, சுத்தமான கோடு. நான் கடைசியில் வருகிற தலைமுடிப் பக்கத்துக்குக் கோடு இன்னும் வரவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும். ஐயோ, வேறு யாருக்குத் தெரியும்?

"விக்காதே பூங்கொடி."

"ஏனுங்க? நீங்க பேரு சொல்லிப்போட்டீங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "எங்கக்கா ஆட்டுக்குள்ள நிக்கறாளா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

சொல்லிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க ஏதாவது முறை இருக்கிறதா என்று அவளுக்கும் தெரியவில்லை. கனவு திரும்பி வந்தால் வரட்டும், தேன்மொழி இல்லாத நேரத்தில் தனியாக அலறிக்கொள்கிறேன், ஆனால் முகத்தைக் கொடு. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. உச்சிவெயில். வேப்பமர நிழலுக்கு அந்த ஆட்டை இழுத்து வந்தேன், வந்தது. பக்கத்தில் மண்ணில் படுத்து, அதன் மடிந்த காதின்மேல் என் காதை வைத்தேன். உள்ளே சூடாக, தூரத்தில் மாவுமில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

கனவு வந்தது. ஆனால் அது என் கனவு இல்லை. எப்படிச் சொல்வது, நான் தாழ்வான இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் சாம்பலும் மஞ்சளுமாக இருக்கிறது. முன்னால் ஒரு ஆள் படலைப் பிடித்துக் குனிந்து, சவரம் செய்யாத முகத்தை என் காதோடு ஒட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. அழுகிறான் என்பது மட்டும் விளங்குகிறது. அவனுக்குப் பின்னால் சரசு நின்றாள். முழுசாக. காது, கன்னம், மோவாய், காற்றில் பறக்கிற ஒரு முடி இழை வரைக்கும் ஒன்றும் குறையாமல். நான் இத்தனை நாள் வெட்டிக்கொண்டிருந்தேனே, அந்த ஆடு அவளை முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அவன் சட்டையின் முதுகில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, விரலால் உருட்டி, கீழே போட்டுக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. அவனுக்குத் தெரியவும் இல்லை. ஒருமுறை நிமிர்ந்து என்னை, அதாவது ஆட்டைப் பார்த்தாள். சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன். நீ கொஞ்சம் பார்த்துக்கொள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கண்ணால் சொல்வாளே, அந்தப் பார்வை.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆடு கண்ணை மூடிப் படுத்திருந்தது, தலை என் தொடைமேல். பூங்கொடி தள்ளி உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கண்ணை மூடிப் பார்த்தேன். முகம் வந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கெட்ட கனவு வரவில்லை. ஆடு தீனி எடுத்தது, களிம்பினாலேயே இருக்கலாம், முடியும் வளர்ந்தது. இத்தோடு முடிந்திருந்தால் நானே இதை மனப்பிராந்தி என்று தள்ளிவிட்டு உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

பரீட்சை முடிந்து தேன்மொழி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோறு தின்றுவிட்டு முற்றத்துக் கட்டிலில் தூங்கிப்போனாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளை தூங்குவதைப் பார்ப்பது ஒரு சுகம்தானே. வாயில் ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குகிறாள், ஆனால் அவளுடைய கீழ்த்தாடை பக்கவாட்டில் மெல்ல அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. எழுப்பலாம் என்று எழுந்தேன்.

அவளாகவே விழித்தாள். அம்மா செத்த பிறகு முதல்முறையாகக் கண்ணெல்லாம் தண்ணீர். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"என்ன சாமி, கெட்ட கனாவா?"

"இல்லீங்கப்பா. யாரோ ஒரு ஆளு காதுக்குள்ள வந்து பேசிட்டே இருந்தாங்க. அம்மா பேரு சொன்னாங்க, ஊரு சொன்னாங்க, என் பேரையுஞ் சொன்னாங்க. வேறெதுவும் வெளங்கல." கொஞ்சம் யோசித்தாள். "பயமா இல்லைங்கப்பா. அந்த ஆளப் பாத்தா பாவமா இருந்துச்சு."

ஆட்டுச் சங்கதியைத் தேன்மொழியிடம் சொன்னாயா என்று பூங்கொடியிடம் கேட்டேன், சொல்லவே இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். நானும் சொல்லவில்லை. தேன்மொழி இப்போது வேலைக்குப் போகிறாள், லீவுக்கு வந்தால் மத்தியானத்தில் நன்றாகத் தூங்குகிறாள். அந்த ஆளின் முகம் கனவில் தெரிந்ததா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். அவள் எழுந்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முதுகில் எதையோ தேடுவதுபோல் கையை வைப்பாள். நான் கேட்காமலே இருந்துவிடுகிறேன்.