மைக் அக்காவின் நான்கு பற்கள்

அன்று காலை ஏழே முக்காலுக்கு எங்கள் டிப்போவிலிருந்து கிளம்பிய பேருந்தில் அவள்தான் கண்டக்டர். நான் டைம் கீப்பர். புறப்பட்ட நேரத்தை எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கியது நான்தான், அதனால் நேரம் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டாப்பைத் தாண்டி வளைவில் திரும்பும்போது சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பெண் குறுக்கே வந்துவிட்டாள். டிரைவர் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தான். அந்தப் பெண் ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பினாள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் முகம் போய் இரும்புக் கம்பியில் மோதியது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போயின. மூன்றை யாரோ பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார்கள். நான்காவது கிடைக்கவே இல்லை.

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நாங்கள் எல்லோரும் ‘மைக் அக்கா’ என்போம். முன்படியில் நின்று அவள் ஸ்டாப் பெயரைச் சொன்னால் கடைசி சீட்டில் தூங்குகிறவன் எழுந்து இறங்கிவிடுவான். அந்த வாய் இரண்டே வாரத்தில் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டது. ‘வ’ சொன்னால் காற்று வந்தது. ‘த’ சொன்னால் நாக்கு வெளியே வந்தது.

முதலில் கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, “உள்ள போங்க, உள்ள போங்க!” என்று அவள் கத்தியதில் பல்செட் தெறித்து ஒரு பெரியவர் மடியில் விழுந்தது. அவர் பதறவில்லை. எடுத்துத் துடைத்து, “உங்களுதா பாருங்கம்மா” என்று நீட்டினார். பஸ்ஸே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

மேனேஜர் அவளைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றிவிட்டார். என் மேசைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், யாருடையதோ மூக்குக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டுவது அவள் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது. அவள் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். ஒரு நாள் டிப்போ வாசலில் என்னைப் பார்த்து, “சுவரப் பாத்து உக்காந்துதான் சாப்பிடுறா” என்றார்.

விபத்து நடந்து ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பல் டாக்டர் அம்மாவைப் போய்ப் பார்த்தாள். அந்த அம்மா படம் வரைந்து காட்டினாராம். “நாலு பல்லுக்கு நாலு ஸ்க்ரூ வேண்டாம்மா. ரெண்டு பக்கமும் எலும்புல ஒண்ணு ஒண்ணு வெச்சு, அது மேல நாலு பல்லையும் ஒரே பாலமா மாட்டிடலாம். கழட்டவே வேண்டாம்.”

“எப்ப மாட்டுவீங்க?”

“அடிபட்ட எடத்துல எலும்பு கரைஞ்சிருக்கு. முதல்ல அதை வளக்கணும். ஒரு வருஷம் ஆகும்.”

ஈறைக் கீறி எலும்புத் தூள் வைத்துத் தைத்தார்கள். ஐந்து மாதம் காத்திருந்தாள். பிறகு இரண்டு ஸ்க்ரூ. ஒவ்வொரு முறையும் முகம் பூசணிக்காய் போல வீங்கும். வீக்கத்தோடே வந்து குடைகளுக்குச் சீட்டுக் கட்டுவாள். நான்கு மாதம் கழித்து டாக்டர் தட்டிப் பார்த்தபோது இடது ஸ்க்ரூ ஆடியது. எலும்பு பிடிக்கவில்லை.

“யார் தப்பும் இல்லம்மா, சில பேருக்கு இப்படி ஆகும்” என்று சொல்லி அதைக் கழற்றினார். மறுபடி ஆற வேண்டும், மறுபடி வைக்க வேண்டும், மறுபடி நான்கு மாதம்.

சேதி கேட்டு மேனேஜர் ஆறுதல் சொல்ல வந்தார். “இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள் பல்லக் கடிச்சிக்கிட்டு இரும்மா.”

“எதக் கடிக்கச் சொல்றீங்க சார்?” என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் குனிந்துகொண்டேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம், “போதும்பா, விட்டுடலாம்னு இருக்கேன்” என்றாள்.

அந்த வாரம்தான் டிரைவர் வந்தான். விபத்துக்குப் பிறகு வேறு ரூட் கேட்டு வாங்கிக்கொண்டு போனவன், ஒன்றரை வருடமாக அவள் கண்ணிலேயே படாமல் நழுவிக்கொண்டிருந்தான். யாரோ விட்டுப்போன குடை ஒன்றைக் கொடுக்கிற சாக்கில் அவள் அறைக்குள் போனான். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

“அக்கா, நான் கொஞ்சம் மெதுவா மிதிச்சிருக்கலாம்.”

“மெதுவா மிதிச்சிருந்தா அந்தப் பொண்ணு என்ன ஆயிருப்பா?”

பிறகு அவன் அழுகிற சத்தம். வெகுநேரம் அழுதான்.

“டேய் தம்பி, உன்னத் தேத்துறதுக்கு எனக்கு இப்பத் தெம்பு இல்லடா. என்னத் தேத்தவே ஆளத் தேடிட்டு இருக்கேன்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் கேட்டான்: “அடுத்த தடவ டாக்டர்கிட்ட நான் கூட வரட்டா?”

“நீ வந்து என்ன பண்ணுவ?”

“சும்மா உக்காந்திருக்கேன்.”

போனான். சும்மாதான் உட்கார்ந்திருந்தான். அடுத்த முறையும் போனான். லீவு போட்டுவிட்டு, பல் படங்கள் மாட்டிய அந்தக் கூடத்தில் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். விடப்போகிறேன் என்ற பேச்சை அவளும் பிறகு எடுக்கவில்லை. புது ஸ்க்ரூ பிடித்துக்கொண்டது. விபத்து நடந்து இரண்டு வருடம் கழித்து நான்கு பற்களும் ஒரே பாலமாக ஏறின.

முதல் சில நாள் அவளுக்கு அது தன் வாயாகவே இல்லை. யாரோ குடியிருக்கிற வீட்டுக்குள் நாக்கு போய்விட்டு வருகிறது என்றாள். பாலத்துக்கு அடியில் தனி பிரஷ் விட்டுத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணாடி முன்னால் கால்மணி நேரம் போகும். முந்தானை மட்டும் பழக்கத்தில் வாய்க்கு ஏறிக்கொண்டே இருந்தது.

மறுபடி பஸ் ஏறினாள். டிரைவர் பழைய ரூட்டை எழுதிக் கேட்டு வாங்கியிருந்தான். எத்தனையோ பேர் ஏறி இறங்கினார்கள். சில்லறை கேட்டார்கள், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். அவள் பல்லை ஒருத்தரும் பார்க்கவில்லை. சாயங்காலம் கடைசி டிரிப் முடிந்து காலி வண்டியை டிப்போவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் நேரம் குறிக்கப் போனபோது அவள் நீள சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் இருக்கையிலிருந்தே திரும்பி, “எப்படி இருக்குக்கா?” என்றான்.

“அலுப்பா இருக்குடா.”

“பல்லக் கேட்டேன்கா.”

“பல்லு நல்லாத்தான் இருக்கு. நான்தான் அலுத்துப்போயிட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் விளக்கை அணைக்காமல், அவளாக எழுந்திருக்கும்வரை ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.