எங்கள் பஸ்ஸுக்கு வந்த முதல் பத்திரிகை

போன வருடத் தைப்பூசத்தன்று நடந்தது இது. டெல்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டித் தமிழர்கள் ஒரு பஸ் பிடித்து, ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். கேட்டை ஒட்டிய கெஸ்ட் ஹவுஸ் வாசலில், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எங்கள் பட்டுப் புடவைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோயிலுக்கா?" என்றார் மெதுவாக.

எனக்கு அது போதாதா? "ஏறுங்க, ஏறுங்க. பேச்சை வண்டியில வச்சுக்கலாம்" என்று கையைப் பிடித்து ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

டெல்லித் தமிழர்கள் பெயரைக் கேட்கும் முன்பே ஊரைக் கேட்டுவிடுவோம். நானும் கேட்டேன். "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?"

அவர் முகம் வாடிவிட்டது. "தெரியாதும்மா. நாங்க கப்பல் ஆளுங்க."

தென்னாப்பிரிக்காவில் டர்பன்காரராம். கரும்புத் தோட்ட வேலைக்காக அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து நீராவிக் கப்பலில் போன குடும்பம். பேச்சும் சாமியும் கூடவே போய்ச் சேர்ந்தன. ஊர்ப் பெயர் மட்டும் தலைமுறைகளுக்கு நடுவே எங்கேயோ நழுவிவிட்டது. மகள் கல்யாணத்தின் முதல் பத்திரிகையைச் சொந்த ஊர்ச் சாமிக்கு வைக்கலாம் என்று வந்து, தமிழ்நாடு முழுக்கத் தேடியிருக்கிறார். ஊர் அகப்படவில்லை. அன்று மாலை டெல்லியிலிருந்து விமானம். மஞ்சள் தடவிய பத்திரிகை அப்படியே கைப்பையில் இருந்தது.

"வெக்காமலே திருப்பி எடுத்துட்டுப் போனா, மக என்ன நினைப்பா?" என்றார். கண் கலங்கிவிட்டது.

"இதுக்கு முன்னாடி உங்க வீட்டுக் கல்யாணத்துல முதல் பத்திரிகை யாருக்கு வச்சீங்க?"

"கப்பல் சொந்தத்துக்கு" என்றார். ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரியாம். அந்த வீடுகளுக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்களாம். அப்படி மிஞ்சியிருந்த ஒரே வீட்டிலும் கடைசிப் பெரியவர் சமீபத்தில் காலமாகிவிட்டாராம்.

கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்களா எங்கள் ஆட்கள்?

"மூக்கப் பாத்தாலே தெரியலையா? எங்க திருநெல்வேலி மூக்குல்லா இது!" என்றார் ஏர்ஃபோர்ஸில் ரிட்டயர் ஆன மாமா.

"அட, போ மாமா. ஊருக்கே ஒரே மூக்கா?" என்று எழுந்து வந்த வேலூர் அக்கா, "நீங்க சொல்லுங்கம்மா, கோழிக் குழம்புக்குத் தேங்கா அரைப்பீங்களா?" என்று விசாரணையை ஆரம்பித்தார்.

"தைப்பூசத்தன்னைக்குக் கோழியா!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு கூச்சல். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே பனி அப்பிக் கிடந்தது. பஸ் நகர்வதே தெரியவில்லை. "பையா, ஜல்தி!" என்று நான் அவசரப்படுத்த, டிரைவர் திரும்பாமலே, "ரோடு எங்கேன்னு நீங்க காட்டுங்க மேடம், நான் ஜல்தி போறேன்" என்றார் ஹிந்தியில்.

"ரோடா தெரியுது? கப்பல்ல போற மாதிரில்லா இருக்கு" என்றார் மாமா.

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

கோயிலில் முருகன் சன்னதியில் வைத்து வாங்கிய பத்திரிகையை, வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்து எங்கள் முன்னால் நீட்டினார்.

"ஒரே வண்டியில வந்துட்டோம். இனி நீங்கதான் என் கப்பல் சொந்தம். வாங்கிக்குங்க."

மாமா தோள்துண்டை எடுத்து இரு கையிலும் விரித்து வாங்கிக்கொண்டார். "அப்ப பொண்ணுக்கு நான்தான் தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டுல சொல்லி வையும்மா, மரியாதையில ஒரு கொறை இருக்கப்படாது!"

பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் அனுப்ப முடியுமா? விமான நேரத்துக்குள் அடித்துப் பிடித்து ஒரு அரக்குப் பட்டு வாங்கி, அவர் பெட்டியில் திணித்து அனுப்பினோம்.

கல்யாணத்தன்று பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் எங்கள் வீட்டு ஹாலில், டிவி முன்னால், வீடியோ காலில். அரக்குப் பட்டில் மணப்பெண் எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். மாமா இங்கிருந்தே அட்சதை போட, டிவியெல்லாம் அரிசி!

இப்போதும் புதிதாக ஒரு தமிழரைப் பார்த்தால் ஊரைக் கேட்க நாக்கு துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் முதலில் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்துவிடுகிறேன், ஊர் அப்புறம் தெரிந்தாலும் சரி, தெரியாமலே போனாலும் சரி.