‘நல்லா இருக்கேன்’ என்று அனுப்பிய கம்ப்யூட்டர்

கதவைத் தட்டிவிட்டு ஓடுகிற விளையாட்டுக்கு, திறந்து துரத்துகிற ஆள் வேண்டும். எங்கள் கடைக்கு மேல் அறையில் குடியிருக்கும் சமது அண்ணன் அதற்கு லாயக்கில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "ஓடிட்டியா கண்ணு?" என்பார். அவ்வளவுதான். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு ஏற்காட்டில் என்ன குறும்பு செய்வது?

முழுப்பெயர் அப்துல் சமது. சேலத்துக்காரர். காப்பிக்கொட்டை காயவைக்கும் டிரையருக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு மூளை எழுதுவது அவர் வேலை. கம்பெனி ஓசூரில். இவர் இங்கே, மேசைமேல் அந்தக் கம்ப்யூட்டரின் பச்சை போர்டு ஒன்றோடு. பத்தாவதோடு நின்ற எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொன்னார்: வீட்டுக் கம்ப்யூட்டர் தாமதித்தால் நாம் கொட்டாவி விடுவோம், இது தாமதித்தால் கொட்டை கருகிவிடும். சூட்டைப் பார்ப்பது, அடுப்பைக் குறைப்பது, திரையில் எண்ணைக் காட்டுவது எல்லாம் அந்தந்த நொடியிலேயே நடக்க வேண்டும்.

நடக்கவில்லை. தலைச்சோலையில் ஐயாக்கண்ணு தோட்டத்து டிரையர் எப்போதாவது அப்படியே உறைந்து நின்றது. திரையில் பழைய எண், அடியில் எரிகிற அடுப்பு. ஒரு தடவை கொட்டை முழுக்கக் கரியானது. "அடுத்த பறிப்புக்குள்ள சரியாகலைன்னா தூக்கிட்டுப் போயிருங்க," என்றுவிட்டார் ஐயாக்கண்ணு. திரும்பி வந்தால் கம்பெனி இந்த வேலையையே மூடிவிடும். சமது அண்ணனுக்கு வேலையும் இருக்காது, அறையும் இருக்காது.

உறைந்தால் எழுப்ப உள்ளே ஒரு காவல் நாய் உண்டாம். நிஜ நாய் இல்லை, ஒரு கடிகாரம். சூடு, அடுப்பு, திரை என்ற அந்த வேலைகள் ஓடும்வரை அதற்குத் தீனி போய்க்கொண்டிருக்கும். தீனி நின்றால் குரைக்கும். அதாவது, எங்கே சிக்கியது என்று குறித்துவைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். இங்கோ போர்டு செத்துக் கிடந்தாலும் நாய் வாய் திறக்கவில்லை. ஏன் என்று மழைக்காலம் முழுக்க அந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க யாரும் வந்ததில்லை. பேச்சுக்கு நான் ஒருத்திதான். அதுவும் கதவுக்கு வெளியே.

சேலத்தில் கூடப்பிறந்த ஜரீனா அக்கா இருந்தார். தினமும் மெசேஜ் போடச் சொல்லி நச்சரிப்பார். அண்ணன் அதற்கும் ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். விடிந்தால் கம்ப்யூட்டரே, "நல்லா இருக்கேன்க்கா, சாப்பிட்டேன்" என்று அனுப்பிவிடும்.

ஒருநாள் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். ஓடத் தோன்றவில்லை. கடையிலிருந்த அத்தாவைக் கூட்டிவந்து கதவை நெம்பித் திறந்தால், காய்ச்சலில் கண் திறக்காமல் கிடக்கிறார். பக்கத்தில் கல்லாகிப்போன ஒரு பன். அத்தா சேலத்துக்குப் போன் போட்டார்.

"ஏனுங்கண்ணா, காலைலதானுங்க சாப்பிட்டேன்னு அனுப்புனான்?"

அடுத்த பஸ்ஸிலேயே ஜரீனா அக்கா வந்துவிட்டார். ஊசி போட்டு, கஞ்சி உள்ளே போய், தம்பி எழுந்து உட்காரும்வரை பொறுத்திருந்தார்.

"நீ மௌத்தாப் போயிருந்தாக்கூட சாப்பிட்டேன்னுதாண்டா வந்திருக்கும்! நானும் நம்பிக்கிட்டு ஊட்டுல உக்காந்திருப்பேன்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. போர்வையோடு எழுந்து மேசைக்குப் போனார்.

"டேய், எங்கடா போற?"

"நாய்க்கு யாரு சோறு வைக்கறாங்கன்னு பாக்கறேன்க்கா."

வைத்தது வேலைகள் இல்லை. தனியே துடித்துக்கொண்டிருந்த ஒரு டைமர். மற்றதெல்லாம் உறைந்தாலும் அது பாட்டுக்குத் தீனி போட்டது. 'இப்போதைக்கு' என்று அவசரத்தில் எழுதிவைத்தவர் இவரேதான். ஒவ்வொரு வேலையும் தானே 'இருக்கேன்' என்று சொன்னால்தான் தீனி என்று மாற்றினார். அடுத்து உறைந்தபோது நாய் குரைத்தது, இடத்தையும் காட்டியது. அடுப்பு வேலை கையில் இருப்பதைத் திரை வேலை கேட்க, திரை வேலையிடம் இருப்பதை அடுப்பு வேலை கேட்க, இரண்டும் விட்டுக்கொடுக்காமல் காத்து நின்றிருந்தன. யார் முதலில் என்று வரிசைப்படுத்திவிட்டார்.

ஐயாக்கண்ணு அடுத்த பறிப்பைக் காயவைத்து, ஒரு கை அள்ளி முகர்ந்தார். "கருகலீங்க. மிசினு இருக்கட்டும்."

வேலை தங்கியது, அறையும் தங்கியது. ஜரீனா அக்கா கிளம்பும்போது, "அனுப்பாட்டிப் போ. பொய் மட்டும் வேண்டாம்," என்றார். அண்ணன் அந்தப் புரோகிராமை அழித்துவிட்டார். இப்போது சில காலைகளில் சேலத்துக்கு எதுவும் போவதில்லை. அன்றைக்கு அக்காவே கூப்பிடுகிறார். மாடியில் கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம். பிறகு மழைச் சத்தம்.

நானும் தட்டுகிறேன்.

"ஓடிட்டியா கண்ணு?"

"ஓடிட்டேனுங்க," என்கிறேன், கதவை ஒட்டி நின்றபடியே.